எழுதியவருக்கும் விளக்கியவருக்கும் மதிப்பெண் போகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறன்று தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், பொறியியல் மாணவி ஒருவரின் தந்தை எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். நான்கு பேர் கொண்ட இறுதியாண்டு புராஜெக்ட் பேட்ச்சில் தம் மகள் மட்டுமே இரவு பகலாக வேலை செய்ததாகவும், மற்ற மூவர் வைவா (வாய்மொழித் தேர்வு) நாளன்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றதாகவும், கடைசியில் நால்வருக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வந்ததாகவும் மனம் வெதும்பி எழுதியிருந்தார். இனிமேல் புராஜெக்டை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

நான் விருதுநகர் மாவட்டத்தில் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். ஆண்டுதோறும் இறுதியாண்டு பேட்ச்சுகளுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன். பிற கல்லூரிகளுக்கு வெளித் தேர்வாளராகவும் போய்வருகிறேன். அந்தத் தந்தையின் கோபத்தில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவர் கேட்கும் தீர்வு அவருடைய மகளுக்கே நல்லதல்ல என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில், இப்போது உள்ள ஏற்பாட்டைப் பார்ப்போம். அண்ணா பல்கலைக்கழக விதிமுறைகளில், புராஜெக்ட் அறிக்கைக்குக் குழுவில் உள்ள அனைவருக்கும் ஒரே மதிப்பெண், வாய்மொழித் தேர்வுக்கு அவரவர் பதிலுக்கேற்பத் தனி மதிப்பெண் என்ற பிரிவு பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. காகிதத்தில் இது நியாயமான பிரிவுதான். நடைமுறையில் ஒரு பேட்ச்சுக்கு வைவாவில் கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். அதில் பாதி நேரம் திரையில் பிபிடி (விளக்கப் பக்கங்கள்) ஓடுகிறது. மிச்ச நேரத்தில் ஆளுக்கு ஒரு கேள்வி. நன்றாகப் பேசுகிறவர் முன்னே நிற்கிறார். உண்மையில் கோடு (கணினி நிரல்) எழுதியவர் லேப்டாப்புக்குப் பின்னால் ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தனி மதிப்பெண் என்று பெயர் இருந்தாலும் அது ஆங்கிலப் பேச்சுக்குக் கிடைக்கும் மதிப்பெண்ணாக முடிந்துவிடுகிறது.

அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக வந்த மாணவர்கள் எங்கள் கல்லூரியில் நிறையப் பேர். அவர்களில் எத்தனையோ பேர் டேட்டாபேஸை அழகாக வடிவமைத்துவிட்டு, அதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "தமிழிலேயே சொல்லப்பா" என்று தேர்வாளர் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பையனிடமிருந்து பதில் கொட்டுகிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாத தேர்வாளர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. ஆகவே, தனித்தனி மதிப்பெண் என்றாலே நீதி வந்துவிடும் என்று நினைப்பவர்கள், அந்தத் தனி மதிப்பெண் எதை அளக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

கூட்டாகச் செய்யும் வேலையில் மனிதர்கள் கையைத் தளர்த்துவது நம் மாணவர்களோடு பிறந்த கோளாறு அல்ல. பிரான்ஸ் நாட்டு வேளாண் பொறியாளர் மாக்ஸிமிலியன் ரிங்கெல்மான் நூறாண்டுகளுக்கு முன்பே இதை அளந்திருக்கிறார். ஆட்களைக் கயிறு இழுக்கச் சொல்லி அவர் நடத்திய சோதனைகளின் முடிவு 1913இல் வெளியானது. தனியாள் இழுக்கும் வலுவை நூறு என்று வைத்தால், இருவர் சேர்ந்தபோது ஆளுக்கு 93, மூவராக இருந்தபோது 85, எட்டுப் பேரானபோது 49. இதில் ஒரு பகுதி, எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் வரும் இழப்பு. இன்னொரு பகுதி, மற்றவர்கள் இழுக்கிறார்களே என்ற எண்ணத்தால் வருவது. 1979இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் ஆகிய மூவர் கைதட்டல், கூச்சல் ஆகியவற்றை வைத்து இதே விஷயத்தை ஆராய்ந்தார்கள். 1981இல் அவர்களே கண்டறிந்த ஒன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: கூட்டமாகக் கத்தும்போதும் ஒவ்வொருவருடைய ஒலியும் தனியாக அளக்கப்படும் என்று சொன்னவுடன் அந்தத் தளர்வு மறைந்துவிட்டது. குழுவைக் கலைக்கவில்லை, பரிசு அறிவிக்கவில்லை. அவரவர் பங்கு தெரியும் என்ற நிலை மட்டுமே போதுமானதாக இருந்தது.

இதைப் படித்துவிட்டுச் சிலர் உடனே அளவுகோலைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். எங்கள் துறையிலும் ஓர் ஆண்டு அப்படி நடந்தது. நிரலைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில் யார் எத்தனை கமிட் (நிரலில் செய்த மாற்றத்தின் பதிவு) போட்டிருக்கிறார் என்பதை எண்ணி, கல்லூரியே போடும் அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை அதற்கேற்பத் தருவது என்று முடிவானது. இரண்டே வாரத்தில் விளைவு தெரிந்தது. ஒரு காற்புள்ளியை மாற்றினால் ஒரு கமிட், ஒரு காலி வரியைச் சேர்த்தால் இன்னொன்று. அதுகூடப் பரவாயில்லை. லேபில் பக்கத்து நாற்காலிக்காரன் பிழை தெரியாமல் திணறினால் எழுந்து போய்ப் பார்க்கும் பிள்ளைகள் எழுவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்தவனுக்கு உதவும் அரை மணி நேரத்தில் தன் கணக்கில் ஒன்றும் ஏறாது அல்லவா? உதவி செய்தால் நஷ்டம் என்று ஒரு கல்வி நிலையமே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதைவிடப் பெரிய கேடு எனக்குத் தெரிந்து இல்லை.

எண்ணிக்கையை நம்புகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம், 1982இல் ஆப்பிள் நிறுவனத்தில் நடந்தது. லிசா கணினியை உருவாக்கிய குழுவில், ஒவ்வொருவரும் அந்த வாரம் எழுதிய கோடு வரிகளின் எண்ணிக்கையைப் படிவத்தில் நிரப்ப வேண்டும் என்று மேலாளர்கள் கேட்டார்கள். அந்தக் குழுவின் நிரலாளர் பில் அட்கின்சன் அந்த வாரம் வரைகலை நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி, வேகத்தைப் பல மடங்கு கூட்டியிருந்தார். அதில் சுமார் 2000 வரிகள் குறைந்தும் போயின. அவர் படிவத்தில் '-2000' என்று எழுதினார். பிறகு அவரிடம் அந்தப் படிவத்தைக் கேட்பதை விட்டுவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் ஊழியர்களை ஒருவருக்கொருவர் எதிராக வரிசைப்படுத்தி மதிப்பிடும் முறையைப் பல ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு 2013இல் கைவிட்டது. தொழில்துறையே விட்டொழித்ததை நாம் ஏன் வகுப்பறைக்குள் கொண்டுவர வேண்டும்?

இனி நான் கண்ணாரப் பார்த்த ஒரு பேட்ச்சைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்காக அவர்கள் ஒரு மென்பொருள் செய்தார்கள். இரண்டு மாணவர்கள், இரண்டு மாணவிகள். உறுப்பினர் எண், ஊற்றிய பாலின் அளவு, கொழுப்பு, கொழுப்பற்ற திடச்சத்து, அதற்குரிய விலை, பட்டுவாடாப் பட்டியல் என்று பேரேட்டில் இருப்பதையெல்லாம் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு பையன் டேட்டாபேஸ், ஒரு பையன் திரைகள், ஒரு மாணவி விலைக் கணக்கு. நான்காவது மாணவிக்கு என்ன வேலை என்று கேட்டபோது மூவரும் ஒரே குரலில் "டாக்குமெண்டேஷன் மேடம்" என்றார்கள். பெரும்பாலான பேட்ச்சுகளில் ஒரு பெண்ணுக்கு இந்தப் பதில்தான் காத்திருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பையன்களின் விடுதி அறையில் கோடு எழுதும் வேலை தொடங்கும். பெண்கள் விடுதியின் கதவு அதற்கு வெகு முன்பே பூட்டப்பட்டிருக்கும். மறுநாள் காலையில் "நீ நேற்று வேலை செய்யவில்லையே" என்ற பேச்சு வரும்.

இந்த மாணவி சும்மா இருக்கவில்லை. சங்கம் இருந்த ஊருக்குப் பக்கத்து ஊர்தான் அவளுடையது. விடுமுறையில் ஊருக்குப் போனபோது சங்கத்துக்கு நடந்துபோய், பால் ஊற்றும் நேரத்தில் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பேரேட்டையும் திரையையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். கல்லூரியில் டெமோ காட்டியபோது எல்லாம் சரியாகத்தான் ஓடியது. சங்கத்தில் மாலைப் பால் பதிவானதும் அதே உறுப்பினரின் காலைப் பால் திரையிலிருந்து காணாமல் போனது. உறுப்பினர் எண்ணையும் தேதியையும் மட்டும் அடையாளமாக வைத்து டேட்டாபேஸ் கட்டியிருந்தார்கள். காலையா, மாலையா என்ற நேரம் அதில் சேரவில்லை. அதனால் மாலைப் பதிவு வந்தவுடன் காலைப் பதிவின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இரு வேளையும் பால் ஊற்றும் குடும்பத்துக்கு ஒரு வேளைப் பணம் மொத்தமாகப் போயிருக்கும். லேபில் மூவரும் ஒரு வேளைக் கணக்கை வைத்தே சோதித்துக்கொண்டிருந்தார்கள். பிழையைக் கண்டுபிடித்த அவள் எழுதிய கோடு மிகக் குறைவு. கமிட் எண்ணிக்கையில் அவள்தான் கடைசி.

அவளுடைய உழைப்புக்கு என்ன மதிப்பெண்? பொது மதிப்பெண் முறையில் மற்றவர்களுக்குக் கிடைத்ததே அவளுக்கும். யாருக்கும் அவள் செய்தது தெரியாது. எண்ணிக்கை முறையில் எல்லோரையும்விடக் குறைவு. ஆளுக்கொரு புராஜெக்ட் என்ற முறையிலோ அந்தப் பிழை கண்டுபிடிக்கப்பட்டே இருக்காது. தான் கட்டிய வீட்டின் விரிசல் கட்டியவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மென்பொருளில் இன்னொருவர் கண் வேண்டும். அதனால்தான் உலகெங்கும் அது குழுவாகச் செய்யும் வேலையாக இருக்கிறது. அந்தத் தந்தையிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் மகள் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் தனியாக எழுதித் தனியாக முடிக்கும் வேலை கிடைக்காது. நம் கல்லூரிகள் அங்கீகாரத்துக்காக விண்ணப்பிக்கும் தேசிய அங்கீகார வாரியமும், பட்டதாரியிடம் இருக்க வேண்டிய திறன்களில் ஒன்றாகத் தனியாகவும் குழுவாகவும் இயங்கும் திறனைக் குறிப்பிடுகிறது. 2014இல் இந்தியா, பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்வதற்கான வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரான பிறகு இந்தத் திறன் பட்டியல் ஒவ்வொரு துறையின் கோப்பிலும் இருக்கிறது. கோப்பில் இருப்பது மதிப்பெண் பட்டியலுக்குள் வரவில்லை.

அந்த மாணவர்கள் மென்பொருள் எழுதிய சங்கத்திலேயே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. அங்கே ஒவ்வொருவர் பாலும் தனித்தனியாகச் சோதிக்கப்படுகிறது. விலை அவரவர் பாலின் தரத்துக்கு. சங்கத்துக்கு லாபம் வந்தால் போனஸ் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வருகிறது. சோதிக்காமல் எல்லாவற்றையும் ஒரே கேனில் ஊற்றினால் தண்ணீர் கலப்பவருக்குக் கொண்டாட்டம். போனஸே இல்லையென்றால் சங்கம் நன்றாக நடக்கிறதா என்று கேட்க ஒருவருக்கும் அக்கறை இருக்காது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்திருப்பதை அந்த ஊர் விவசாயிகள் யாரும் முரண்பாடாகக் கருதவில்லை.

எங்கள் துறையில் சக ஆசிரியர்கள் சிலரும் நானும் சேர்ந்து இப்போது பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். அகமதிப்பீடு துறையின் கையில் இருப்பதால் இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. அதில் பாதி, செய்து முடித்த மென்பொருளுக்கு. அது நால்வருக்கும் பொது. கால் பங்கு, அவரவர் பொறுப்பேற்ற வேலைக்கு. கோடு எழுதியது, சோதித்தது, பயன்படுத்துகிறவரிடம் போய்ப் பேசியது எல்லாம் இதில் சமமாகக் கணக்கில் வரும். மீதிக் கால் பங்குதான் எங்கள் முறையின் உயிர். ரிவ்யூ நாளன்று, அதாவது செய்த வேலையை ஆசிரியர்கள் பார்வையிடும் நாளன்று, சீட்டுக் குலுக்குகிறோம். யார் பெயர் வருகிறதோ அவர், தான் எழுதாத ஒரு பகுதியை விளக்க வேண்டும். அதில் நாங்கள் கேட்கும் ஒரு சிறு மாற்றத்தை அங்கேயே செய்து காட்ட வேண்டும். அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் விளக்கியவருக்கும் போகும், அந்தப் பகுதியை எழுதியவருக்கும் போகும்.

இதைத் தொடங்கிய பருவத்தில் லேபின் சத்தமே மாறியது. முன்பெல்லாம் நன்றாகக் கோடு எழுதுகிற மாணவர், மற்ற மூவரும் ஒதுங்கி நின்றால் தொந்தரவு இல்லை என்று மகிழ்வார். இப்போது தன் பகுதி நண்பனுக்குப் புரியாவிட்டால் தன் மதிப்பெண்ணும் போகும் என்பதால், அவரே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார். நிரலில் மதிப்புகளைக் குறிக்கும் மாறிகளுக்குப் புரியாத பெயர்களை வைத்தவர் பெயர்களை மாற்றுகிறார். ஒதுங்கியிருந்தவருக்கும் ஒளிய இடமில்லை. சீட்டில் தன் பெயர் எந்த நேரமும் வரலாம். காசு கொடுத்து புராஜெக்ட் சென்டரில் வாங்கி வருவதும் கடினமாகிவிட்டது. வாங்கிய கோடில் ஒரு மாற்றம் செய்யச் சொன்னால் நால்வரும் விழிக்க வேண்டியதுதான். நான்கு பேர் செலவைப் பங்குபோட்டுப் புராஜெக்ட் வாங்கும் வழக்கத்துக்கு, நால்வருக்கும் கேள்வி இல்லாமல் ஒரே மதிப்பெண் என்ற ஏற்பாடே பெரிய துணை என்று நான் கருதுகிறேன்.

மாணவர்கள் ஒருவரையொருவர் மதிப்பிடுவதும் எங்கள் முறையில் உண்டு. இதில் நான் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறேன். நட்பு, ஊர்ப் பாசம், விடுதி அறை, சாதி எல்லாம் அந்தத் தாளுக்குள் நுழையப் பார்க்கும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் ராபர்ட் பிரவுன் என்ற ஆசிரியர் வகுத்த முறையை எடுத்து, காஃப்மன், ஃபெல்டர், ஃபுல்லர் ஆகியோர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்தி 2000ஆம் ஆண்டில் எழுதினார்கள். அதில் மாணவர்கள் எண் போடுவதில்லை. மிகச் சிறப்பு என்பதிலிருந்து வரவே இல்லை என்பது வரை ஒன்பது சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மதிப்பிட வேண்டியது உழைப்பையும் பொறுப்பையும்தான், அறிவுத்திறனை அல்ல என்று தாளிலேயே எழுதியிருக்கும். ஆசிரியர் அந்தச் சொற்களை எண்களாக மாற்றி, ஒருவருடைய சராசரியைக் குழுவின் சராசரியால் வகுத்து, வரும் விகிதத்தால் குழுவின் மதிப்பெண்ணைப் பெருக்குகிறார்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நால்வரின் சராசரி 100, 87.5, 87.5, 50 என்றால் குழுவின் சராசரி 81.25. குழுவுக்கு 40 மதிப்பெண் கிடைத்திருந்தால், கடைசி மாணவருக்கு 24.6தான் வரும். முதல் மாணவருக்குக் கணக்குப்படி 49 வர வேண்டும். ஆனால் விகிதம் 1.05ஐத் தாண்டக் கூடாது என்று அந்த முறையில் ஒரு வரம்பு இருக்கிறது; ஆகவே அவருக்கும் அடுத்த இருவருக்கும் 42. இந்த வரம்பு எனக்கு மிகவும் பிடித்தது. வேலை செய்யாதவருக்கு இழப்பு உண்டு, எல்லாவற்றையும் தானே பிடுங்கிச் செய்பவருக்குப் பெரிய லாபம் இல்லை. நண்பர்களை ஒதுக்கிவிட்டு ஒரே ஆள் நாயகனாக நிற்பதும் ஒரு குறைதான் என்பதை அது ஏற்றுக்கொள்கிறது. இந்தத் தாளை நாங்கள் கடைசி நாளில் வாங்குவதில்லை. முதல் ரிவ்யூவிலேயே ஒருமுறை வாங்கி, மதிப்பெண் போடாமல், குறைவாக வந்தவரைத் தனியாக அழைத்துப் பேசுகிறோம். பலருக்கு உண்மையான காரணம் இருக்கும். வாரக் கடைசியில் வேலைக்குப் போகிற பையன் இருப்பான். லேப்டாப் இல்லாத பெண் இருப்பாள். பருவம் முடிந்த பிறகு தெரிந்தால் அது தண்டனைக்கு மட்டுமே பயன்படும். பாதியில் தெரிந்தால் வேலையை மாற்றிக் கொடுக்கலாம்.

ஹேக்கத்தான் எனப்படும் குழு மென்பொருள் போட்டிகளின் பரிசுப் பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு நடத்தும் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் ஆறு பேர் ஒரு குழு. குறைந்தது ஒரு மாணவியாவது இருக்க வேண்டும் என்பது விதி. பெண்ணின் பெயர் கட்டாயம் என்பதற்காக மட்டும் ஒருத்தியைச் சேர்த்துவிட்டு, அவளிடம் வேலை எதுவும் தராமல், ஜெயித்தால் பங்கு தருவதில் தகராறு செய்த குழுக்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். பணப் பரிசைச் சமமாகத்தான் பிரிக்க வேண்டும், அதைப் பதிவு செய்யும் நாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது என் கருத்து. மதிப்பெண் கற்றலுக்கான அளவு. அதில் வேறுபாடு வேண்டும். பணம் கூட்டு வெற்றிக்கு வருவது; அதில் வேறுபாடு பார்க்கத் தொடங்கினால் அடுத்த போட்டிக்கு அந்தக் குழு இருக்காது.

தங்கள் நாளிதழ் வாயிலாகச் சில கோரிக்கைகளை முன்வைக்கிறேன். பல்கலைக்கழகம் வைவாவுக்கு ஒரு பேட்ச்சுக்குக் குறைந்தது முக்கால் மணி நேரம் என்று வரையறுக்க வேண்டும்; தேர்வாளர்களுக்கான சுற்றறிக்கையில், மாணவர் விரும்பினால் தமிழில் பதில் சொல்லலாம் என்று தெளிவாக எழுத வேண்டும். தான் எழுதாத பகுதியை விளக்கும் தேர்வு வெளித் தேர்வாளர் முன்னிலையிலும் நடக்க வேண்டும். அறிக்கையில் யார் எதைச் செய்தார் என்ற ஒரு பக்கம் நால்வர் கையெழுத்துடன் கட்டாயமாக இருக்க வேண்டும். அதில் சோதித்தவர் பெயரும் வர வேண்டும். கல்லூரி நிர்வாகங்கள், பெண்கள் விடுதி மூடும் நேரத்துக்குள் குழு வேலையை முடிக்கும்படி லேபை மாலையில் திறந்துவைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

கடிதம் எழுதிய அந்தத் தந்தைக்கு ஒரு வேண்டுகோள். தங்கள் மகளின் கல்லூரியில் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு பேட்ச் பிரிக்கும் வேலை விரைவில் தொடங்கும். துறைத் தலைவரைச் சந்தித்து, மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்படும் என்பதை முதல் வாரத்திலேயே அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேட்டால் இன்னும் நல்லது. பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
கணினி அறிவியல் உதவிப் பேராசிரியை,
விருதுநகர் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)